துத்த டிரம்மும் பதினேழாவது படமும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மயிலாடும்பாறைப் பக்கம், மழை பெய்தால்தான் விதைப்பு என்கிற மேட்டுக்காட்டில் பிறந்தேன். பதினாறு வயதில் கல்தூண் ஏற்றிய லாரியின் மேலே உட்கார்ந்து கம்பம் பள்ளத்தாக்குக்குள் வந்தேன். இறங்கின அன்றைக்கே குழி தோண்டினேன். திராட்சைப் பந்தலுக்குக் கல் நடவும் கம்பி முறுக்கவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டால் விரட்டினார்கள், அதனால் தூரத்தில் நின்று பார்த்துக் கற்றேன். இன்றைக்குச் சுருளிப்பட்டிச் சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்க்கிற பந்தல்களில் பாதி என் கை முறுக்கியது. பாறை என்று எல்லோரும் கைவிட்ட மூன்று ஏக்கரை வாங்கித் திராட்சை வைத்தேன். கிணறு வெட்டினேன். பழைய ஸ்கூட்டரின் என்ஜினைக் கழற்றி மருந்து அடிக்கும் பம்பு செய்தேன். அதைப் பார்த்து நாலு பேர் செய்தார்கள். என் பெயரைச் சொன்னவர் அதில் ஒருவரும் இல்லை. மகளை நர்ஸ் ஆக்கினேன். வீடு கட்டும்போது கொத்தனார் பாதியில் போய்விட, மீதிச் சுவரை நானே எழுப்பினேன். கடைசியாக, அறுபத்து மூன்று வயதில், குளியலறை ஜன்னலை அடைத்து பிலிம் கழுவினேன்.

இந்தக் கடைசி விஷயத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒரு பேச்சுக்கு. இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்து பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால்தான் மூன்றாவது வரி வருகிறது.

முதலில் என்னிடம் இருந்தது டிஜிட்டல் கேமரா. மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. பொத்தான்களில் எழுதியிருந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் அமுக்கி அமுக்கி, எது என்ன செய்கிறது என்று நானே கண்டுபிடித்தேன். ஒரு நாளைக்கு முந்நூறு படம் எடுப்பேன். கவாத்து வெட்டின மொட்டைப் பந்தல், கொத்து வெட்ட வரும் பெண்கள், மேகமலை, வாய்க்காலில் எருமை. எடுத்த அடுத்த நொடி பின்னால் இருக்கிற திரையில் பார்த்துவிட வேண்டும். பிடிக்கவில்லையென்றால் அழி, இன்னொன்று எடு. என் குணத்துக்கு அது சரியாக இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் பந்தலுக்கு அடியில் சகதியில் மல்லாக்கப் படுத்து, பழக்கொத்துகளுக்கு நடுவே மலை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். போனுக்கு மாற்றி, எங்கள் விவசாயிகள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரலும் கும்பிட்ட கையும் வரிசையாக வந்தன. மூன்றாவது வாரம் கம்பத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தங்கும் விடுதியின் போர்டில், இருபது அடி அகலத்துக்கு அந்தப் படம் நிற்கிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போனேன்.

“இது நான் எடுத்த படம்,” என்றேன் மேலாளரிடம்.

“நெட்டுல கெடச்சது சார்.”

“நெட்டா சகதியில படுத்துச்சு? நான்ல படுத்தேன்.”

என் போனைத் திறந்து படத்தைக் காட்டினேன். அவர் நிதானமாகத் தன் போனை எடுத்து அதே படத்தைக் காட்டினார்.

“உங்ககிட்டயும் இருக்கு, எங்ககிட்டயும் இருக்கு. இதுல எது உங்களுதுன்னு நான் எப்படிச் சார் கண்டுபிடிக்கிறது?”

 கேமராவின் கார்டை அழித்து அழித்துத்தான் பயன்படுத்துவேன், அதிலும் இல்லை. வெளியே வந்து போர்டுக்குக் கீழே நின்றேன். என் பந்தல், என் பழம், என் முதுகில் காய்ந்த சகதி. பெயர் அவன் விடுதியின் பெயர். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றுவழியில் போனேன்.

அந்த வாரம்தான் போனில் ஓடின ஒரு வீடியோவில் ஒரு மலையாளத்துக்காரர் பிலிமைப் பற்றிப் பேசுவதைக் கேட்டேன். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஆறு வருடம் வேலி போட்டதில் மலையாளம் எனக்கு வரும். நெகட்டிவ் என்பது உலகத்தில் ஒன்றுதான், அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எடுத்தவர் என்று அவர் சொன்னார். எனக்கு அது போதும். ஏதோ பழைய நாள் ஆசையில் இதில் இறங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊரெல்லாம் பிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில் என் தோளில் கல்தூண் இருந்தது, கேமரா இல்லை. எனக்கு வேண்டியது ஆதாரம்.

மதுரையில் பழைய கேமரா விற்கிற கடைக்காரரிடம் ஒன்று வாங்கினேன். பேட்டரியே வேண்டாதது, முழுக்க இரும்பு. டிஜிட்டலை மகளிடமே திருப்பிக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளை பிலிமும், கழுவுகிற மருந்துப் பொடியும் பார்சலில் வந்தன. குளியலறை ஜன்னலை, வாழைக்குப் பாத்தியில் விரிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டால் மூன்று மடிப்பு மடித்து அடைத்தேன். உள்ளே விளக்கை அணைத்தால் என் கை எனக்குத் தெரியாது. அந்த இருட்டில் பிலிமை ஒரு சக்கரத்தில் சுற்றி, வெளிச்சம் போகாத டப்பாவுக்குள் வைக்க வேண்டும். கம்பி முறுக்கிக் காய்த்த விரலுக்கு பிலிமின் ஓரம் பிடிபடவே இல்லை. பாழான பிலிம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, டிவி பார்க்கும்போதும் மோட்டார் ஓடும்போதும் சுற்றிச் சுற்றிப் பழகினேன். ஐந்தாறு நாளில் வந்துவிட்டது. என் வயதில் வேறு யாருக்கும் வந்திருக்காது.

காத்திருக்கிறதுதான் வரவில்லை. ஒரு படம் எடுத்ததும் கேமராவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே வெறும் கறுப்புத் தோல். மறுபடி எடுப்பேன், மறுபடி திருப்புவேன். முப்பத்தாறு படம் முடியும்வரை கழுவவும் முடியாது. அதை முடிப்பதற்காகவே கோழியையும் சைக்கிளையும் எடுத்திருக்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்த பிலிமை நாலு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பேன்.

“ஒரு எடத்துல உக்காரத் தெரியாத மனுசன், காத்துக் கெடக்குற வேலையாப் பாத்து எடுத்திருக்கீக,” என்றாள் என் மனைவி. “அந்த டப்பாவ அப்பிடி உத்துப் பாத்தா உள்ள இருக்கிறது தெரிஞ்சிருமா?”

முதல் பிலிமைக் கழுவினேன். டெவலப்பர் என்கிற அந்தக் கழுவும் பொடி ஐந்து லிட்டருக்கு உண்டானது. நான் எதையும் சின்னதாக வாங்க மாட்டேன். கலக்குவதற்கு வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் கைக்கு எட்டவில்லை, தோட்டத்திலிருந்து பிளாஸ்டிக் டிரம்மைக் கொண்டுவந்து நன்றாகக் கழுவிக் கலக்கினேன். தண்ணீர் இருபது டிகிரிக்குக் குளிர வேண்டும் என்றார் மலையாளத்துக்காரர். மீன்கடையில் ஐஸ் வாங்கிச் சுற்றிலும் போட்டேன். குளியலறை முழுக்க மீன் வாடை. எல்லாம் முடித்து பிலிமை வெளியே இழுத்துப் பல்புக்கு நேராகப் பிடித்தால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சாம்பல் மூட்டம். உற்றுப் பார்த்தால் உள்ளே ஏதோ மசமசவென்று இருக்கிறது. கோழியா, சைக்கிளா, கடவுளுக்குத்தான் தெரியும்.

பிலிம் விற்றவரைப் போனில் பிடித்துத் திட்டினேன். மனுசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு இன்னொரு பிலிம் அனுப்பினார். அதுவும் அதே சாம்பல். இப்போது போர்வெல் தண்ணீரைத் திட்டினேன். கேன் தண்ணீர் வாங்கி வைத்தேன்.

அதற்குள் தண்ணீர் திறக்கிற நாள் வந்துவிட்டது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரைத் தலைமதகில் காலையில் திறந்தால், எங்கள் கிளை வாய்க்காலுக்கு மதியம்தான் வந்து சேரும். கரை இரண்டிலும் ஊர் நிற்கும், கையில் பூக்கூடையோடு. இந்தத் தடவை இன்னொன்றும் இருந்தது. சங்கத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தோம். முன்கூடத்துச் சுவரில் ஆறடி அகலத்துக்குத் தண்ணீர் வரும் படம் ஒன்று மாட்டுவதாகத் தீர்மானம். சங்கச் செயலாளர் என் மனைவியின் தம்பி.

“மச்சான், ஒங்க பிலிம்ல வந்துச்சுன்னா ஒங்க படத்தையே மாட்டுவோம். வரலைன்னா எவனாவது போன்ல எடுத்தத மாட்டிக்கிருவோம். சாம்பலை மாட்ட முடியாதுல்ல,” என்றான்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நாற்பத்தேழு வருடமாக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன், இன்னும் இவர்களுக்கு நான் மயிலாடும்பாறைக்காரன்தான். சிரிப்பில் அதுவும் இருந்தது.

எல்லோரும் கரையில் நின்றார்கள். நான் வாய்க்காலுக்குள் இறங்கினேன். காய்ந்த தரை, வெடித்த வண்டல், சருகு. தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நடுவில் நின்றேன்.

“ஏலே, அந்தாளு அங்கன எறங்கி நிக்காரு பாரு. தண்ணி அடிச்சுக்கிட்டுப் போகப் போகுது,” என்று ஒரு குரல்.

“போகட்டும், பிலிமு நல்லாக் கழுவிரும்,” என்று இன்னொன்று.

முதல் தண்ணீர் தண்ணீர் மாதிரி வராது. சருகும் நுரையும் பிளாஸ்டிக்கும் ஒரு முழ உயரத்துக்குச் சுருண்டு, சரசரவென்று ஊர்ந்து வரும். அதற்கு முன்னால் இரண்டு நாய் ஓடி வந்தன. கரையில் எல்லோரும் குனிந்து பூவை எறிந்தார்கள். பூ இன்னும் காற்றில் இருந்தது. டிஜிட்டலாக இருந்தால் அந்த நேரத்தில் ஐம்பது அமுக்கியிருப்பேன். இதில் ஒன்றுதான். அமுக்கினேன். அது பதினேழாவது படம். அடுத்த நொடி முழங்கால்வரை தண்ணீர், கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கரையேறினேன். ஏறியதும் கேமராவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். பழக்கம் போகவில்லை.

மீதிப் பத்தொன்பது படத்தையும் கரையில் நின்றவர்களை எடுத்தே அன்றைக்கே முடித்தேன். கிடைத்ததா இல்லையா? பூ காற்றில் இருந்தபோது அமுக்கினேனா, விழுந்த பிறகா? மறுநாள் காலையிலேயே புதுப் பொடியையும் கேன் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு டிரம்மை இழுத்தேன். பொடியைக் கொட்டப் போகிற நேரத்தில் என் மனைவி வந்து டிரம்மின் அடியில் இருந்த குழாயைத் திருகிக் கழற்றி, அதன் மரையில் விரலைவிட்டுத் துடைத்தாள். விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீலம்.

“இது துத்த டிரம்மு.”

“மூணு தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்.”

“பத்து வருசமா துத்தமும் சுண்ணாம்பும் ஊறுன டிரம்மு. மூணு தண்ணிக்குப் போயிருமா?”

“போடி. பழத்துல அடிக்கிறோம், பழத்துக்கே ஒண்ணும் ஆகல.”

“துத்தம் கூடிப்போச்சான்னு பாக்க அருவாள முக்குறோம்ல. இரும்பு செவந்துபோகுதுல்ல. இரும்பையே நெறம் மாத்துறது, ஒங்க பிலிம சும்மா விட்டு வைக்குமா?”

திராட்சைக்காரர்களுக்கு இது தெரியும். கொடியில் அடிச்சாம்பல் நோய் வந்தால் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, சுண்ணாம்பில் கலந்து அடிப்போம். கலவை சரியா என்று பார்க்க அரிவாள் நுனியை முக்கி எடுப்போம். நுனி சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். இதை இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு நான்தான் பழக்கினேன். அந்த நான், அதே டிரம்மில் டெவலப்பரைக் கலக்கியிருக்கிறேன்.

கோபம் அவள்மேல் வந்தது. பொடியை மூடி வைத்துவிட்டு வெளியே போனேன்.  பிலிம் ஃபிரிட்ஜில் இருந்தது, நான் பந்தலுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். இறுகியிருக்கிற கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது பிலிமும் போனால் எனக்கென்று ஒரு சுவர் இந்த ஊரில் இல்லை. சரி என்று ஒத்துக்கொண்டால் இரண்டு பிலிமை நானே கெடுத்தேன் என்று ஆகிறது. விற்றவரைத் திட்டியது வேறு இருக்கிறது.

மறுநாள் ஆண்டிபட்டியிலிருந்து வருகிற பாத்திர வண்டியில் புது எவர்சில்வர் வாளி ஒன்று வாங்கி வந்தேன். அவள் பார்த்தாள். டிரம்மை அவளே தோட்டத்துக்கு உருட்டிக்கொண்டு போனாள். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. சொன்னது அவள். ஆனால் சொல்வதற்கு ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஒரு மனம் வேண்டும், அது என்னிடம் இருந்தது. விற்றவருக்கும் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

“பரவாயில்லைங்கய்யா, வாளியில கழுவுன கையோட கூப்புடுங்க,” என்றார்.

கழுவினேன். டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினேன். வெளியே இழுத்தேன். ஈரம் சொட்டுகிற பிலிமில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆள். எண்ணிக்கொண்டே போய்ப் பதினேழில் நிறுத்தினேன். நெகட்டிவ் என்பதால் வெள்ளை நுரை கறுப்பாக, நாய் இரண்டும் காலைத் தூக்கி, கரை இரண்டிலும் ஊர் குனிந்து, நடுவில் பொட்டுப் பொட்டாகப் பூ. காற்றில்.

“ஏத்தா, இங்கன வா,” என்று கத்தினேன். அவள் வந்து பார்த்துவிட்டு, “எந்தம்பி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கான்,” என்றாள்.

பெரிதாக்கிப் போட எனக்கு வசதி இல்லை. தேனியில் ஒரு ஸ்டுடியோவுக்கு நெகட்டிவைக் கொண்டுபோனேன். அவர்கள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்வரை பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் கையோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சங்கம் அங்கேயே ஆறடிக்குப் படம் போட்டு, சட்டமும் அடித்து வாங்கியது. திறப்பு விழா அன்று துணியை விலக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. நான் படத்தைப் பார்க்கவில்லை. கீழே திருகியிருந்த பித்தளைப் பலகையைப் பார்த்தேன். ‘படம்’ என்று போட்டு, ஸ்டுடியோவின் பெயர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்தேன்.

“மச்சான், ஆறடிக்குப் பெருசு பண்ணது அவங்கதானே,” என்றான் மச்சினன். “நீங்க ஒரு தடவ அமுக்குனீக. அம்புட்டுத்தான.”

“மாப்ளே, அந்த ஒரு தடவைய ஒன்னய அமுக்கச் சொல்லியிருந்தா நீ கரையிலருந்து எறங்கியிருப்பியா?”

“யாரு எடுத்தா என்ன, தண்ணி நம்ம தண்ணி.”

சட்டைப் பையிலிருந்து நெகட்டிவை எடுத்தேன். இதற்காகத்தானே இவ்வளவு பாடு. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். விரல் படக்கூடாது என்று ஓரத்தை நானே பிடித்துக்கொண்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

“தலை பூரா வெள்ளையா இருக்கு, வேட்டி பூரா கருப்பா இருக்கு. எந்த ஊருக்காரகப்பா இவுக?”

கூட்டம் சிரித்தது. விடுதிக்காரனிடம் காட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. இப்போது உலகத்தில் ஒன்றே ஒன்று என்கிற ஆதாரம் என் விரலில் இருக்கிறது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிசு, அதில் தங்கள் முகம் இவர்களுக்கே தெரியவில்லை. என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“படத்துல இருக்கிற அத்தன பேரும் அன்னைக்கு வாய்க்காலுக்குள்ள கேமராவப் பாத்தீகதான. யாரு கையில இருந்துச்சு அது? வாயத் தொறந்து சொல்லுங்க.”

 மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டு, “அக்கா, இப்பப் பலகையப் பிடுங்கினா விழா மலர்ல போட்டது தப்பாயிரும். மச்சான் வேணும்னா நடந்தத எழுதிக் குடுக்கட்டும், அடுத்த மலர்ல போட்டுருவோம்,” என்றான். எழுதத் தெரியாதவன் எங்கே எழுதப் போகிறான் என்ற தைரியம்.

எழுதிவிட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று தீர்ந்தது, எழுத்துப் பிழையை மகள் திருத்தினாள், சொன்னது எல்லாம் என் வாய்ச்சொல். இனி உறுப்பினர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஸ்டுடியோவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரிதாக்கியவர்கள் என்று அவர்கள் பெயர் இருக்கட்டும். அதற்கு மேலே, அதைவிடச் சின்னதாக இல்லாத எழுத்தில், வாய்க்காலில் நின்று எடுத்தவர், தன் வீட்டில் கழுவியவர் என்று என் பெயரைப் போடுங்கள். இரண்டையும் போட வேண்டும், ஒன்றை விட்டுவிட்டு ஒன்று போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்திலேயே, டிரம்மில் துத்தம் இருப்பதைக் கண்டு சொன்னவர் என்று என் மனைவியின் பெயரும் வர வேண்டும். வேண்டாம் என்றுதான் சொல்கிறாள், கேட்காதீர்கள். பலகை நான்கு திருகில் நிற்கிறது, பார்த்து வைத்திருக்கிறேன். கழற்றி மாட்டுகிற வேலையை நானே செய்து தருகிறேன். நீங்கள் பெயரைச் சரியாக வெட்டிக் கொண்டுவந்தால் போதும்.